சர்வர் மாற்றிய பிறகு பழைய ஃபைல் பாத் எங்கெல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கும்?

கேள்வியின் சாரம்: சிபேனல் ஷேர்டு ஹோஸ்டிங்கில் இருந்த ஒரு வேர்ட்பிரஸ் தளத்தை உபுண்டு விபிஎஸ் (தனி மெய்நிகர் சர்வர்) ஒன்றுக்கு மாற்றியிருக்கிறார்கள். டொமைன் அதேதான். டம்ப் ஃபைலில் (டேட்டாபேஸை எழுத்தாக எடுத்த நகல்) பழைய பாத்தையும், எச்டிடிபி என்பதை எச்டிடிபிஎஸ் ஆகவும் ‘எஸ்இடி’ கமாண்டால் மாற்றிவிட்டு இம்போர்ட் செய்திருக்கிறார்கள். முகப்பு திறக்கிறது. ஆனால் புதுப் படம் ஏறவில்லை, சைடுபார் விட்ஜெட்டுகள் காணோம், தமிழில் பெயர் வைத்த படங்களில் சில மட்டும் 404 (ஃபைல் கிடைக்கவில்லை).

மூன்றுக்கும் காரணம் தனித்தனி. ஒரே மருந்தால் மூன்றும் தீராது, அதனால் ஒவ்வொன்றாகப் பார்ப்போம். கமாண்டுகளை உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் வழக்கம்போல் ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். தளத்தின் முகவரி (யூஆர்எல்) வேறு, சர்வரின் டிஸ்க்கில் அந்த ஃபைல் இருக்கும் பாத் வேறு. டொமைன் மாறினால் முகவரியைத் தேடி மாற்ற வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். டொமைன் மாறாதபோது மாற்றுவதற்கு ஒன்றுமில்லை என்று விட்டுவிடுகிறார்கள். சர்வர் மாறினால் பாத் கட்டாயம் மாறும். சிபேனலில் தளம் /ஹோம்/பயனர்பெயர்/பப்ளிக்_எச்டிஎம்எல் என்ற இடத்தில் இருக்கும். பிளெஸ்க் என்றால் /வார்/டபிள்யூடபிள்யூடபிள்யூ/விஹோஸ்ட்ஸ் என்பதன் கீழ் டொமைன் பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் எச்டிடிபிடாக்ஸ். டைரக்ட்அட்மினில் பயனரின் ஹோமுக்குள் டொமைன்ஸ் என்று ஒரு அடுக்கு கூடுதல். உபுண்டுவில் அப்பாச்சி போட்டாலும், வேர்ட்பிரஸ்ஸின் அதிகாரபூர்வ டாக்கர் இமேஜ் என்றாலும் /வார்/டபிள்யூடபிள்யூடபிள்யூ/எச்டிஎம்எல்.

வேர்ட்பிரஸ்ஸின் மையக் கோட் இந்த விஷயத்தில் ஓரளவு நல்ல பிள்ளைதான். மீடியா லைப்ரரியில் இருக்கும் ஒவ்வொரு படத்துக்கும் போஸ்ட்மெட்டா டேபிளில் ‘_டபிள்யூபி_அட்டாச்டு_ஃபைல்’ என்று ஒரு வரிசை உண்டு. அதில் ஆண்டு/மாதம்/ஃபைல்பெயர் மட்டும்தான் இருக்கும். அப்லோட்ஸ் ஃபோல்டரின் முழு பாத்தை ஓடும்போது கணக்கிட்டு முன்னால் சேர்த்துக்கொள்ளும். பிளக்இன், தீம் பெயர்களும் அப்படியே, தொடர்பு பாத்தாகத்தான் சேமிக்கப்படுகின்றன. வில்லங்கம் எல்லாம் விதிவிலக்குகளில் இருக்கிறது.

அதில் முக்கியமானது ஆப்ஷன்ஸ் டேபிளில் உள்ள ‘அப்லோட்_பாத்’. 2012 டிசம்பரில் வந்த 3.5 பதிப்புக்கு முன், படங்களை எந்த ஃபோல்டரில் வைப்பது என்று மீடியா செட்டிங்ஸ் பக்கத்தில் கேட்கும் ஒரு பெட்டி இருந்தது. அதில் முழு பாத்தை எழுதி வைத்த பழைய தளங்கள் இன்றும் ஏராளம். 3.5-க்குப் பிறகு அந்தப் பெட்டி மறைக்கப்பட்டது. ஏற்கெனவே மாற்றி வைத்திருந்தவர்களுக்கு மட்டும் தெரியும். அந்த மதிப்பில் பழைய சர்வரின் பாத் இருந்தால், பழைய படங்கள் ஒழுங்காகத் தெரியும், புதியவை மட்டும் ஏறாது. படத்தின் முகவரி பாத்திலிருந்து உருவாவதில்லை என்பதே காரணம்.

உங்கள் பிழை இதுதானா என்று செய்தியை வைத்தே கண்டுபிடிக்கலாம். டைரக்டரியை உருவாக்க முடியவில்லை, அதன் மேல் ஃபோல்டரில் சர்வர் எழுத முடிகிறதா என்று கேட்கும் அந்தச் செய்தியில் ஒரு பாத் வரும். அது ‘டபிள்யூபி-கன்டென்ட்/அப்லோட்ஸ்/’ என்று தொடங்கினால், வேர்ட்பிரஸ் சரியான இடத்தில்தான் தேடுகிறது. ஃபோல்டரின் உரிமையாளர்தான் தவறு. வெறும் ‘அப்லோட்ஸ்/’ என்று தொடங்கினால், அது தளத்தின் ஃபோல்டருக்கு வெளியே எங்கோ தேடுகிறது. வெளியே உள்ள பாத்தின் கடைசித் துண்டை மட்டும் காட்டும்படிதான் அந்தக் கோட் எழுதப்பட்டிருக்கிறது. இந்தச் சின்ன வித்தியாசம் தெரியாமல் பலர் ஃபோல்டருக்கு 777 (யாரும் எழுதலாம் என்ற அனுமதி) கொடுத்துவிட்டு, அப்போதும் ஏறவில்லையே என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள்.

இரண்டாவது வகை என்றால் தீர்வு டபிள்யூபி-சிஎல்ஐயில் (டெர்மினலிலிருந்து வேர்ட்பிரஸ்ஸை இயக்கும் கருவி) ஒரு வரி: ‘டபிள்யூபி ஆப்ஷன் அப்டேட் அப்லோட்_பாத்’ என்று எழுதி, மதிப்பாக வெற்று மேற்கோள் குறி கொடுங்கள். புதிய பாத்தை அங்கே எழுத வேண்டாம். காலியாக இருந்தால் வேர்ட்பிரஸ் தானே கணக்கிட்டுக்கொள்ளும், அடுத்த முறை சர்வர் மாறும்போதும் தொல்லை இருக்காது. முதல் வகை என்றால், ரூட் பயனராக ‘ஆர்சிங்க் -ஏ’ (ஃபைல்களை நகலெடுக்கும் கமாண்டு) ஓட்டியதில் பழைய சர்வரின் உரிமையாளர் எண் அப்படியே வந்திருக்கலாம். டபிள்யூபி-கன்டென்ட்டின் உரிமையை டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா பயனருக்கு (அல்லது உங்கள் பிஎச்பி-எஃப்பிஎம் பூல் எந்தப் பயனரில் ஓடுகிறதோ அவருக்கு) மாற்றி, ஃபோல்டர்களுக்கு 755, ஃபைல்களுக்கு 644 வையுங்கள்.

இனி விட்ஜெட்டுகள். இதுதான் எஸ்இடி செய்த வேலை.

வேர்ட்பிரஸ்ஸும் அதன் பிளக்இன்களும் செட்டிங்ஸைப் பெரும்பாலும் பிஎச்பியின் சீரியலைஸ் வடிவில் (பல மதிப்புகளை ஒரே எழுத்துத் தொடராகக் கட்டும் முறை) டேட்டாபேஸில் வைக்கின்றன. அந்த வடிவத்தில் ஒவ்வொரு சரத்துக்கும் (எழுத்துத் தொடர்) முன்னால் அதன் நீளம் பைட் கணக்கில் எழுதப்பட்டிருக்கும். பயனர் பெயர் ‘சைட்’ என்று வைத்துக்கொள்வோம். /ஹோம்/சைட்/பப்ளிக்_எச்டிஎம்எல்/டபிள்யூபி-கன்டென்ட்/அப்லோட்ஸ் என்பதை ஆங்கில எழுத்தில் எழுதி எண்ணினால் 41 பைட். எனவே டேட்டாபேஸில் எஸ்:41: என்று தொடங்கி, மேற்கோள் குறிக்குள் அந்தப் பாத் இருக்கும். அதன் முன்பகுதியை /வார்/டபிள்யூடபிள்யூடபிள்யூ/எச்டிஎம்எல் என்று மாற்றினால் நீளம் 32 ஆகிவிடும். எஸ்இடி கமாண்டுக்கு எழுத்து மட்டும்தான் தெரியும். 41 என்ற எண் அப்படியே நிற்கும். பிஎச்பி 41 பைட் படித்துவிட்டு, அங்கே மூடும் மேற்கோள் குறியைத் தேடும். இருக்காது. உடனே அந்த வரிசை முழுவதையும் செல்லாது என்று ஒதுக்கிவிடும். எச்டிடிபியை எச்டிடிபிஎஸ் ஆக்கினாலும் இதே கதைதான்: ஒரு முகவரிக்கு ஒரு பைட் கூடுகிறது, அது போதும் உடைவதற்கு.

இதில் கெட்ட விஷயம், வேர்ட்பிரஸ் இந்தப் பிழையை வெளியே சொல்லாது. அதன் ஃபங்ஷன் எச்சரிக்கையை அடக்கிவிட்டு ‘ஃபால்ஸ்’ என்று மட்டும் திருப்பித் தரும். செட்டிங்ஸ் எதுவும் இல்லை போலிருக்கிறது என்று தீமும் பிளக்இனும் முடிவுகட்டி, இயல்புநிலையைக் காட்டும். நீங்கள் அட்மினில் நுழைந்து ‘சேமி’ அழுத்தினால், உடைந்திருந்த பழைய வரிசையின் மேல் இயல்புநிலை எழுதப்பட்டுவிடும். அதன் பிறகு மீட்க ஒன்றும் இருக்காது. ஆகவே இப்போதைக்கு அட்மினில் எந்த செட்டிங்ஸ் பக்கத்தையும் சேமிக்காதீர்கள்.

எஸ்இடி தொடாத அசல் டம்ப் கையில் இருந்தால் அதையே மறுபடி இம்போர்ட் செய்யுங்கள். இடையில் புதுப் பதிவுகள் சேர்ந்துவிட்டன என்றால், அசல் டம்ப்பை வேறொரு டேட்டாபேஸில் ஏற்றி, உடைந்த வரிசைகளை மட்டும் அங்கிருந்து எடுங்கள். நீளத்தை ரெகெக்ஸ் (எழுத்து வடிவத்தை வைத்துத் தேடும் முறை) கொண்டு திருத்தும் ஸ்கிரிப்டுகள் இணையத்தில் கிடைக்கின்றன. சரத்துக்குள்ளேயே மேற்கோள் குறியும் அரைப்புள்ளியும் அடுத்தடுத்து வந்தால் அவை தடுமாறிவிடும். எச்டிஎம்எல் விட்ஜெட்டில் அந்த இரண்டும் சேர்ந்து வருவது சர்வ சாதாரணம். அசல் டம்ப் இல்லாதபோது கடைசி முயற்சியாக மட்டும் அவற்றைத் தொடலாம்.

சரியான கருவி டபிள்யூபி-சிஎல்ஐயின் ‘சர்ச்-ரீப்ளேஸ்’. இது சீரியலைஸ் செய்த மதிப்பைப் பிரித்து, உள்ளே மாற்றி, நீளத்தைப் புதிதாக எண்ணித் திரும்ப எழுதும். முதலில் இப்படி ஓட்டுங்கள்:

டபிள்யூபி சர்ச்-ரீப்ளேஸ் ‘பழைய பாத்’ ‘புதிய பாத்’ --ஆல்-டேபிள்ஸ்-வித்-ப்ரிஃபிக்ஸ் --பிரிசைஸ் --ஸ்கிப்-காலம்ஸ்=ஜியுஐடி --ரிப்போர்ட்-சேஞ்டு-ஒன்லி --டிரை-ரன்

டிரை-ரன் எதையும் எழுதாது. எந்த டேபிளில் எந்த நெடுவரிசையில் எத்தனை மாறும் என்று மட்டும் காட்டும். அந்த அட்டவணையைப் பார்க்காமல் நிஜ ஓட்டத்துக்குப் போகாதீர்கள். ‘ஆல்-டேபிள்ஸ்-வித்-ப்ரிஃபிக்ஸ்’ கொடுக்காவிட்டால், வேர்ட்பிரஸ்ஸிடம் பதிவு செய்யாத பிளக்இன் டேபிள்களை அது எட்டிக்கூடப் பார்க்காது. பிரைமரி கீ இல்லாத டேபிள்களை எப்படியும் தாண்டிவிடும். எச்சரிக்கை வரி வந்தால் அந்த டேபிளைக் கையால் பாருங்கள். ஜியுஐடி (பதிவின் நிரந்தர அடையாளம்) நெடுவரிசையை விலக்குவது, ஃபீட் ரீடர்கள் பழைய பதிவுகளைப் புதியவை என்று நினைத்து மறுபடி காட்டாமல் இருக்க. உடைந்த பிளக்இன் ஒன்று டபிள்யூபி-சிஎல்ஐயையே கவிழ்த்தால் --ஸ்கிப்-பிளக்இன்ஸ், --ஸ்கிப்-தீம்ஸ் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எதைத் தேடுவது என்பதிலும் கவனம் வேண்டும். /ஹோம்/சைட் என்று மட்டும் தேடினால் /ஹோம்/சைட்2 என்பதும் சேர்ந்து மாறும். நீளமான வடிவத்தை முதலில் மாற்றுங்கள், குட்டையானதைப் பிறகு. புதிய பாத்துக்குள் பழைய பாத்தே அடங்கியிருந்தால் (உதாரணமாக, பழையதன் கடைசியில் ஒரு ஃபோல்டர் மட்டும் கூடினால்) கமாண்டை இரண்டாம் முறை ஓட்டக் கூடாது. அந்த ஃபோல்டர் இரண்டு தடவை ஒட்டிக்கொள்ளும்.

ஒரே பாத் டேட்டாபேஸில் பல வேடங்களில் இருக்கும். பிஎச்பியின் ஜேசன் ஃபங்ஷன் ஒவ்வொரு சாய்கோட்டுக்கும் முன் ஒரு பின்சாய்கோட்டைச் சேர்த்துத்தான் எழுதும், வேண்டாம் என்று சொன்னால் ஒழிய. ஆகவே \/ஹோம்\/சைட் என்ற வடிவத்தையும் தனியாகத் தேட வேண்டும். எலிமென்டர் பக்க வடிவமைப்பு முழுவதையும் ஜேசனாக வைப்பதால் அங்கே முகவரிகள் எல்லாம் இந்த உருவத்தில்தான் கிடக்கும். அதற்கு எலிமென்டரின் டூல்ஸ் பக்கத்திலேயே முகவரி மாற்றும் வசதி இருக்கிறது, பிறகு சிஎஸ்எஸ் ஃபைல்களை மறுஉருவாக்கம் செய்துகொள்ளலாம். விண்டோஸில் எக்ஸ்ஏஎம்பிபி வைத்து உருவாக்கிய தளம் என்றால் பின்சாய்கோடு, இரட்டைப் பின்சாய்கோடு, முன்சாய்கோடு என்று மூன்று உருவங்கள். மதிப்பை பேஸ்64 ஆக்கி (வேறு எழுத்துக் குறியீடாக மாற்றி) வைக்கும் பிளக்இன்களும் உண்டு. அவற்றை எந்தத் தேடலும் பிடிக்காது, அந்தப் பிளக்இனின் செட்டிங்ஸில் போய்த்தான் மாற்ற வேண்டும்.

மாற்றும் முன்பே நிலவரம் தெரிய வேண்டுமா? மைஎஸ்கியூஎல்டம்ப்பை --ஸ்கிப்-எக்ஸ்டெண்டட்-இன்சர்ட் சேர்த்து எடுங்கள். ஒரு வரிசைக்கு ஒரு வரி என்று வரும். இல்லாவிட்டால் டேபிள் முழுவதும் சில ராட்சத வரிகளாக வந்து கிரெப்பில் (ஃபைலுக்குள் தேடும் கமாண்டு) ஒன்றும் புரியாது. அந்த டம்ப்பில் பயனர் பெயரை மட்டும் தேடுங்கள், முழு பாத்தை வேண்டாம். பேஸ்64 தவிர எல்லா வேடங்களும் அதில் மாட்டிக்கொள்ளும்.

டேட்டாபேஸுக்கு வெளியே இருக்கும் பாத்துகளை யாரும் தேடுவதே இல்லை. அவைதான் தளத்தை முழுவதுமாகச் சாய்க்கக்கூடியவை. வேர்ட்ஃபென்ஸ் என்ற பாதுகாப்பு பிளக்இன் போட்டிருந்தால் தளத்தின் மூல ஃபோல்டரில் ‘.யூசர்.ஐஎன்ஐ’ என்று ஒரு மறைந்த ஃபைல் இருக்கும். அதில் ‘ஆட்டோ_ப்ரிபெண்ட்_ஃபைல்’ என்ற வரியில் ஃபயர்வால் ஃபைலின் முழு பாத் எழுதியிருக்கும். புதிய சர்வரில் அந்தப் பாத் இல்லாததால், வேர்ட்பிரஸ்ஸின் முதல் வரி ஓடும் முன்பே பிஎச்பி நின்று 500 காட்டும். திருத்திய பிறகும் ஐந்து நிமிடம் வரை அதே பிழை வரலாம். பிஎச்பி அந்த ஃபைலை இயல்பாக 300 விநாடி நினைவில் வைத்திருக்கும், அவ்வளவுதான். மாற்றத்துக்கு முன்பே பழைய சர்வரில் வேர்ட்ஃபென்ஸின் இந்த ஃபயர்வால் மேம்படுத்தலை நீக்கிவிட்டு, புதிய இடத்தில் மறுபடி இயக்குவது சுலபம்.

டபிள்யூபி சூப்பர் கேஷ், டபிள்யூபி-கான்ஃபிக்கில் ‘டபிள்யூபிகேஷ்ஹோம்’ என்ற மாறிலியாகத் தன் பாத்தை எழுதி வைக்கும். டபிள்யூபி-கன்டென்ட்டுக்குள் இருக்கும் அட்வான்ஸ்டு-கேஷ், ஆப்ஜெக்ட்-கேஷ் ஃபைல்களைக் கொண்டுவராமல் விட்டுவிட்டு, புதிய சர்வரில் பிளக்இனை அணைத்து மறுபடி இயக்கினால் அவை தாமே உருவாகும். ‘.எச்டிஆக்செஸ்’ ஃபைலில் பாஸ்வேர்டு பூட்டு போட்டிருந்தால் ‘ஆத்யூசர்ஃபைல்’ வரியிலும் முழு பாத்தான். கிரான் வேலைகளை (குறித்த நேரத்தில் தாமே ஓடுபவை) பழைய சர்வரில் ‘கிரான்டேப் -எல்’ போட்டு எடுத்து வையுங்கள். சிபேனலில் இருந்து ஃபைல்களை மட்டும் கொண்டுவந்தால் இவை வரவே வராது. சிம்லிங்க்குகளில் (வேறொரு இடத்தைச் சுட்டும் இணைப்புகள்) உடைந்தவற்றை ‘ஃபைண்ட் . -எக்ஸ்டைப் எல்’ காட்டிக்கொடுக்கும்.

அடுத்து, தமிழ்ப் பெயர் வைத்த படங்கள். சில மட்டும் 404 என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சிலவற்றின் பெயர்களில் கொ, கோ, கௌ வரிசை எழுத்துகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். யூனிகோடில் ஓகாரக் குறியை இரண்டு விதமாக எழுதலாம்: ஒரே குறியாக, அல்லது ஏகாரக் கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டு குறிகளாக. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ‘கோயில்’ என்பது முதல் வகையில் 6 குறி, யுடிஎஃப்-8-இல் 18 பைட். இரண்டாம் வகையில் 7 குறி, 21 பைட். லினக்ஸுக்கு ஃபைல் பெயர் என்பது பைட்டுகளின் வரிசை. 18-உம் 21-உம் அதற்கு வெவ்வேறு ஃபைல்கள். மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் டிஸ்க், பெயரைப் பிரித்த வடிவில்தான் சேமிக்கும். பழைய சர்வரிலிருந்து அப்படியொரு மேக்குக்கு இறக்கி, அங்கிருந்து புதிய சர்வருக்கு ஏற்றியிருந்தால் ஓகாரம் உள்ள பெயர்கள் பிரிந்து வந்திருக்கும். ‘திருவிழா’ மாதிரியான பெயர்களில் பிரிய எதுவும் இல்லாததால் அவை பிழைத்துக்கொண்டன.

உறுதிசெய்ய, அந்தப் பெயரை ‘பிரிண்ட்எஃப்’ வழியாக ‘டபிள்யூசி -சி’க்கு அனுப்பி பைட்டை எண்ணுங்கள், டிஸ்க்கில் உள்ள பெயரை ஒருமுறை, டேட்டாபேஸில் உள்ளதை ஒருமுறை. பிரிந்திருப்பது டிஸ்க்கில் என்றால் ‘கான்வ்எம்வி -ஆர் -எஃப் யுடிஎஃப்8 -டி யுடிஎஃப்8 --என்எஃப்சி’ போதும். இது இயல்பாக ஒத்திகை மட்டும் பார்க்கும். பட்டியல் சரி என்று தெரிந்த பிறகு --நோடெஸ்ட் சேர்த்து ஓட்டுங்கள். டேட்டாபேஸில்தான் பிரிந்திருக்கிறது என்றால் இதை ஓட்டினால் நிலைமை மோசமாகும், எனவே எண்ணாமல் ஓட்ட வேண்டாம். இந்தச் சிக்கலே வராதிருக்க, இரண்டு சர்வர்களுக்கும் இடையே நேரடியாக ஆர்சிங்க் செய்யுங்கள், அல்லது ஜிப்புக்குப் பதில் டார் கட்டுங்கள். ஆர்சிங்க்கில் மூல ஃபோல்டரின் கடைசியில் சாய்கோடு போட மறந்தால் எச்டிஎம்எல் ஃபோல்டருக்குள் பப்ளிக்_எச்டிஎம்எல் என்று இன்னொரு அடுக்கு உருவாகும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆங்கிலப் பெயர் வைத்த படங்களும் விண்டோஸிலிருந்து வந்தவை என்றால், பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசத்தில் 404 ஆகலாம்.

பாத் சரியாக இருந்தும் 403 (அனுமதி மறுப்பு) வந்தால் ‘நேம்ஐ -எல்’ கமாண்டுக்கு முழு பாத்தைக் கொடுங்கள். வேரிலிருந்து ஒவ்வொரு ஃபோல்டரின் அனுமதியும் வரிசையாக வரும். தளத்தை /ஹோம் கீழ் வைத்தவர்களுக்கு இது அடிக்கடி நேரும். உபுண்டு 21.04 முதல் புதிய பயனர்களின் ஹோம் ஃபோல்டர் 750 அனுமதியோடு உருவாகிறது. இன்ஜின்எக்ஸ் வெப்சர்வர் அதற்குள் கால் வைக்கவே முடியாது. அல்மாலினக்ஸ் போன்றவற்றில் எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்பு அடுக்கு வேறு குறுக்கே நிற்கும்: ஹோமிலிருந்து ‘எம்வி’ செய்த ஃபைல்கள் பழைய முத்திரையோடே வரும், ‘ரீஸ்டோர்கான் -ஆர்வி’ ஓட்டினால் சரியாகும்.

அவசரத்துக்கு ஒரு வழி உண்டு. புதிய சர்வரில் /ஹோம்/சைட் என்ற ஃபோல்டரை உருவாக்கி, அதற்குள் பப்ளிக்_எச்டிஎம்எல் என்ற பெயரில் புதிய இடத்தைச் சுட்டும் சிம்லிங்க் ஒன்றை வைத்தால் பழைய பாத்துகள் பெரும்பாலும் உயிர்பெறும். தளத்தை இன்றிரவே எழுப்ப வேண்டும் என்றால் தாராளமாகச் செய்யுங்கள். நிரந்தரத் தீர்வாக வைக்க வேண்டாம். பிஎச்பி பல இடங்களில் சிம்லிங்க்கைப் பிரித்து உண்மைப் பாத்தைப் பார்க்கும். ஒரு பிளக்இன் பழைய பாத்தையும் உண்மைப் பாத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து வேறு வேறு என்று முடிவுசெய்தால் அது தரும் பிழைகள் விசித்திரமாக இருக்கும்.

ஜூம்லா என்றால் கான்ஃபிகரேஷன் ஃபைலில் லாக், டெம்ப் இரண்டின் முழு பாத்தையும் மாற்றினாலே முக்கால்வாசி வேலை முடிந்தது. ட்ரூபல் ‘பப்ளிக்://’ என்ற முன்னொட்டோடு மட்டும் ஃபைல்களைப் பதிவுசெய்வதால் டேட்டாபேஸைத் தொடவே தேவையில்லை. நீங்கள் சொந்தமாக பிளக்இன் எழுதுகிறவர் என்றால் இந்த முறையைத்தான் பின்பற்ற வேண்டும்: சேமிப்பது தொடர்பு பாத், அடிப்படைப் பாத் ஓடும்போது கணக்கிடப்படுவது.

எல்லாம் முடிந்ததும் ‘டபிள்யூபி டிரான்சியன்ட் டெலீட் --ஆல்’, ‘டபிள்யூபி கேஷ் ஃப்ளஷ்’ இரண்டையும் ஓட்டிவிட்டு, பிஎச்பி பிழை லாக்கைத் திறந்து வைத்துக்கொண்டு தளத்தைச் சுற்றிவாருங்கள்: ஒரு படம் ஏற்றுங்கள், ஒரு பதிவைத் திருத்துங்கள், தொடர்புப் படிவம் ஒன்றை அனுப்புங்கள், பேக்கப் பிளக்இனை ஒருமுறை கையால் ஓட்டுங்கள். பேக்கப் பிளக்இன்தான் இந்தச் சோதனையில் அடிக்கடி விடுபடுவது. அது எழுத வேண்டிய ஃபோல்டர் பழைய பாத்தில் இருந்தால் தளம் நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும், பேக்கப் மட்டும் நின்றிருக்கும். பழைய ஹோஸ்டிங் கணக்கை ரத்து செய்வது, புதிய சர்வரில் எடுத்த முதல் பேக்கப்பை வேறொரு இடத்தில் விரித்துப் பார்த்த பிறகு.